கையில் சிவப்பு, காகிதத்தில் நீலம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, என் பெயரைப் பட்டியலின் கடைசியில் போட்டு, என் முறை வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும் என்று நம்பி அமர்ந்திருக்கும் பெற்றோர் மன்றத் தலைவர், பெருமதிப்பிற்குரிய ஹாஜி பயூமி அவர்களே! கூட்டம் கலையவில்லை ஹாஜி, பார்த்தீர்களா? எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர், சொல்லில் மென்மையும் கையெழுத்தில் கண்டிப்பும் கொண்ட உஸ்தாத் ஹில்மி அவர்களே! அறிவியல் ஆசிரியர் உஸ்தாத் ஸப்ரி அவர்களே! பருத்தி வயலிலிருந்து நேரே வந்திருக்கும் தந்தையரே! முலூக்கியாக் கீரையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது பொங்கி வழியுமோ என்ற கவலையோடு வாசற்பக்கம் நிற்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, இந்தக் கூட்டத்துக்கே காரணமான பன்னிரண்டு வயது மாணவிகளே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவுக என்று வாழ்த்தித் தொடங்குகிறேன்.

நான் அஃபாஃப். பிள்ளைகள் ஆசிரியைகளைக் கூப்பிடுவது போல என்னையும் 'அப்லா' என்று கூப்பிடுவார்கள். இந்தப் பெண்கள் இடைநிலைப் பள்ளியில் ஆய்வகப் பொறுப்பாளர். பாடம் நடத்துகிறவள் அல்ல, கண்ணாடிக்குக் காவல் இருக்கிறவள். இங்கே எனக்கு முன் பேசியவர்கள் எல்லாம் படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், பக்குவமாகப் பேசத் தெரிந்தவர்கள். எனக்குப் பக்குவம் கொஞ்சம் குறைவு, குரல் கொஞ்சம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நீங்கள் கை தூக்கி முடிவு செய்யப்போகும் தீர்மானம் என்ன? ஆய்வகத்தைக் காலி செய்வது. கண்ணாடிப் பொருட்களை வைக்கோல் வைத்துக் கட்டிக் கிடங்குக்கு அனுப்புவது. அந்த அறையில் பெஞ்சுகளைப் போட்டு, முதலாம் ஆண்டுக்கு நான்காவது வகுப்பறை ஆக்குவது. அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேச நான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். கெஞ்ச வரவில்லை. கேட்டுப் பெற வந்திருக்கிறேன். என்ன சத்தம் அங்கே? "எறங்கும்மா" என்றா கேட்கிறது? இறங்குகிறேன் அண்ணே, பேசி முடித்துவிட்டு இறங்குகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் குறையைப் பேச அப்புறம் எனக்கு வாய் வரும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு நான் பொறுப்பேற்ற நாளில் ஒரு பெரிய ஏட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பீக்கர் இருபத்து நான்கு, சோதனைக்குழாய் நூற்று இருபது, நுண்ணோக்கி மூன்று, சாராய விளக்கு பன்னிரண்டு. அத்தனையும் என் பொறுப்பு. ஒன்று உடைந்தால் விளக்கம், இரண்டு உடைந்தால் விசாரணை, மூன்று உடைந்தால் மாற்றல். இப்படி அரசாங்க ஏட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? அஞ்சலகத்தில் இருக்கிறீர்கள், மருத்துவமனையில் இருக்கிறீர்கள், கூட்டுறவுக் கிடங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும் நான் அடுத்து என்ன செய்தேன் என்று. பூட்டினேன்! ஆமாம், பூட்டினேன். நல்ல பெரிய பூட்டாகப் பார்த்துப் பூட்டினேன்.

ஆண்டுக்கு ஒருமுறை திறப்பேன். துடைப்பேன், எண்ணுவேன், பூட்டுவேன். பதினோரு ஆண்டுகளில் ஒரு பீக்கரில் கீறல் உண்டா? கிடையாது. ஒரு குழாயில் விரிசல் உண்டா? கிடையாது. ஒரு மாணவியின் விரல் அதில் பட்டதுண்டா? அதுவும் கிடையாது! இதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், தாய்மார்களே! சட்டம் போட்டு வீட்டுக்கூடத்தில் மாட்டினேன். வந்த விருந்தாளிகளுக்கு எல்லாம் காட்டினேன். இன்று அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆய்வகம் பூட்டியிருந்தால் அறிவியல் எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? அழகாக நடக்கும்! ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். "தேவையான பொருட்கள்" என்று சொல்வார், எழுதுவார்கள். "செய்முறை" என்பார், எழுதுவார்கள். "நான் கண்டது" என்று சொல்லிக்கொடுப்பார். கேளுங்கள், "நான் கண்டது" என்பதைக்கூட இன்னொருவர் சொல்லிக்கொடுப்பார்! அறுபத்திரண்டு பெண்கள் தலை குனிந்து, தாங்கள் காணாததைக் கண்டதாக எழுதுவார்கள். அதற்கு முழு மதிப்பெண்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி இந்த ஆண்டு முதல் பருவத் தேர்வில் ஒரு கல்லில் முட்டி நின்றது. அந்தக் கல்லின் பெயர் நய்யிரா. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாரே ஷஹாத்தா, அவருடைய மகள். முதலாம் ஆண்டு, இரண்டாம் பிரிவு. அம்மா நய்யிரா, தலையைக் குனியாதே. உன்னைத் திட்டவில்லை.

தேர்வில் ஒரு கேள்வி. கர்கதேச் சாற்றில் வினிகர் சேர்த்தால் என்ன நிறம், சோடா உப்பு சேர்த்தால் என்ன நிறம்? நாம் காய்ந்த செம்பருத்திப் பூவை ஊறவைத்து, கல்யாண வீட்டில் குளிரக் குளிர ஊற்றிக் கொடுக்கிறோமே, அதே கர்கதேதான். ட்யூஷன் நோட்ஸில் இதற்குப் பதில் இருக்கிறது. வினிகர் என்றால் நீலம், சோடா என்றால் சிவப்பு. விடைத்தாள் திருத்த வைத்திருந்த விடைப்பட்டியலும் அந்த நோட்ஸைப் பார்த்து எழுதியதே. அறுபத்தோரு பெண்கள் அப்படியே எழுதினார்கள். நய்யிரா மட்டும் தலைகீழாக எழுதினாள். போட்டார்கள் ஒரு பூஜ்ஜியம், முட்டை போலப் பெரிதாக!

அந்தப் பெண் விடைத்தாளை எடுத்துக்கொண்டு உஸ்தாத் ஸப்ரியிடம் போனாள். அப்போது நான் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"உஸ்தாத், வினிகர் ஊத்தினா இன்னும் செவப்பாத்தான் ஆச்சு. சோடா உப்பு போட்டப்பத்தான் நீலமாகி, அப்புறம் பச்சையாப் போச்சு. எங்க வீட்டு அடுப்படியில செஞ்சு பார்த்தேன்."

"பரீட்சைல உங்க அடுப்படியைக் கேக்கலம்மா. பாடத்தைக் கேட்டிருக்கு."

"நோட்ஸே தப்பா இருந்தா?"

"அறுபத்தோரு பேரு சரியா எழுதியிருக்காங்க. நீ ஒருத்தி மாத்தி எழுதிட்டு, நோட்ஸு தப்புங்கிறியா? போ, போயி ஒக்காரு."

உஸ்தாத் ஸப்ரி, கோபப்படாதீர்கள். உங்களிடம் கேட்டு, நீங்கள் சரி என்று தலையாட்டிய பிறகே இதை இங்கே சொல்கிறேன். அன்று நானும் சிரித்தேனே! தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வாயைப் பாரு" என்று சொன்னவள் நான்தான்.

அந்தப் பெண் விட்டாளா? மறுநாள் காலை ஆய்வக வாசலில் வந்து நின்றாள்.

"அப்லா, லேபைத் தொறங்க. பத்து நிமிஷம் போதும்."

"எதுக்கு?"

"நான் பொய் சொல்லலேன்னு காட்டணும்."

"உள்ள பூரா கண்ணாடி, புள்ள. ஒடஞ்சா யாரு பதில் சொல்றது? நீயா, உங்கப்பனா?"

"ஒடையாம வெச்சிருந்து யாருக்குக் குடுக்கப் போறீங்க, அப்லா?"

எனக்கு வந்ததே கோபம்! "நாக்கு ரொம்ப நீளுது உனக்கு. வகுப்புக்கு ஓடு!" என்று விரட்டினேன். ஓடவில்லை. நடந்துதான் போனாள். அந்த நடை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அன்று பிற்பகல் வீட்டில் சாப்பிட்டு முடித்தோம். கர்கதே ஊற்றினேன். என் மகன் அக்ரமுக்கு எலுமிச்சை பிழிந்தால்தான் பிடிக்கும். பிழிந்தேன். கோப்பையில் நிறம் இன்னும் பளீரென்று சிவந்தது. இருபது ஆண்டுகளாக என் கையால் பிழிகிறேன், இருபது ஆண்டுகளாக என் கண் முன்னால் சிவக்கிறது. அன்றைக்குத்தான் பார்த்தேன்! மகனிடம் கேட்டேன்.

"அக்ரம், கர்கதேல புளிப்பு விட்டா என்ன நெறம்டா?"

தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான், "நீலம்மா."

"கையில என்னடா வெச்சிருக்க?"

"கர்கதே."

"அதுல நான் என்னத்தைப் பிழிஞ்சேன்?"

"எலுமிச்சம்பழம்."

"என்ன நெறத்துல இருக்கு?"

"செவப்பு."

"அப்ப?"

என்னை ஒரு பார்வை பார்த்தான். அறியாதவளுக்கு விளக்கிச் சொல்லும் பார்வை. "அம்மா, இது குடிக்கிற கர்கதே. அது பரீட்சைக் கர்கதே."

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே! ஆண்டுதோறும் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை அவன். அந்த நோட்ஸை நானே மடியில் வைத்துக்கொண்டு, நானே ஒப்பிக்கச் சொல்லி, நானே தட்டிக்கொடுத்து வளர்த்த பிள்ளை. கையில் சிவப்பை வைத்துக்கொண்டு நீலம் என்கிறான்! அவன் முட்டாளா? இல்லை. அவன் கண் குருடா? இல்லை. பின்னே யார் அவன் கண்ணைக் கட்டியது? கண்ணாடியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக் கண்ணைக் கட்டியது யார்? நான்தான் கட்டினேன். இந்த ஊரே சேர்ந்து கட்டியது.

எத்தனை கல்யாணம் இந்த ஊரில்! எத்தனை குடம் கர்கதே! ஒவ்வொரு வீட்டிலும் எலுமிச்சை பிழிகிறோம், ஒவ்வொரு நாக்கும் சிவக்கிறது. அந்தச் சிவந்த நாக்கோடு பள்ளிக்கூடம் போய் நீலம் என்று எழுதிவிட்டு வருகிறோம்! ஏழு ஆண்டுகளுக்கு முன்பு எவரோ நோட்ஸைத் தட்டச்சு செய்தபோது இரண்டு கட்டங்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். கைத்தவறு, மனிதருக்கு இயல்பு. ஆனால் அதை ஏழு ஆண்டுகள் எடுத்து எழுதினோமே, ஏழு ஆண்டுகள் சரி போட்டோமே, அது யாருடைய தவறு? ஒரே ஒரு சிறுமிக்கு மட்டும் தன் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கத் தோன்றியது. அவளுக்கு நாம் பூஜ்ஜியம் போட்டோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை, ஆய்வகத்தைத் திறந்தேன். உஸ்தாத் ஹில்மி பிறகு எழுத்தில் கேட்டார், "யார் அனுமதியோடு திறந்தீர்கள்?" என்று. நானும் எழுத்தில் பதில் கொடுத்தேன். "திறக்கக்கூடாது என்று ஏட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவித்தால் படித்துக்கொள்கிறேன்." இன்றுவரை அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. அப்படித்தானே உஸ்தாத்?

நான் கேட்டுக்கொண்டபடி உஸ்தாத் ஸப்ரி அழைத்துவர, அறுபத்திரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆறு மேசை, மேசைக்குப் பத்துப் பேர், மிச்சம் இரண்டு பேர் என் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டு. ஒருத்தியும் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், தாய்மார்களே! அருங்காட்சியகத்துக்கு வந்தது போல் நின்றார்கள். "தொடுங்கடி, தொட்டாத்தான் வேலை நடக்கும்" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் என் கை பட்டு ஒரு சோதனைக்குழாய் உருண்டது, விழுந்தது, உடைந்தது. பதினோரு ஆண்டுகளில் முதல் உடைப்பு. உடைத்தவள் யார்? பாராட்டுச் சான்றிதழ் வாங்கிய அஃபாஃப்!

அப்புறம் நய்யிரா விளக்குமாறு எடுத்து வந்து, "நகருங்க அப்லா, கால்ல குத்திடும்" என்றாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. விசாரணைக்கு வண்டி வரவில்லை. எதற்காக நான் பதினோரு ஆண்டு பயந்தேனோ அது ஒரு விளக்குமாற்று வேலையாக முடிந்தது.

பிறகு ஊற்றினார்கள். வினிகர் விட்டார்கள், சிவந்தது. சோடா உப்பு போட்டார்கள், நுரைத்தது, நீலம் ஓடியது, கரும்பச்சையாக நின்றது. அறுபத்திரண்டு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், கால்வாயின் எதிர்க்கரையில் துணி துவைத்தவர்கள் கால்பந்தில் கோல் விழுந்ததாக நினைத்தார்களாம்! மரீனா என்ற பெண் ஒரு கேள்வி கேட்டாள். "உஸ்தாத், பச்சையானதுல மறுபடி வினிகர் விட்டா திரும்பிச் செவக்குமா?" நோட்ஸில் இல்லாத கேள்வி. பதினோரு ஆண்டுகளில் இந்தப் பள்ளியில் நான் கேட்ட முதல் அறிவியல் கேள்வி அதுதான் என்று இந்த மேடையில் உரக்கச் சொல்கிறேன்.

உஸ்தாத் ஸப்ரி என்ன செய்தார்? அதை நான் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பிள்ளைகள் முன்னால், கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், நேருக்கு நேர் நின்று சொன்னார். "மரீனா, எனக்குத் தெரியாது. விட்டுப் பாரு. நய்யிரா, நீ எழுதினதுதான் சரி. நான் போட்டது தப்பு." அன்று மாலையே மூன்று பிரிவு விடைத்தாள்களையும் எடுத்துவைத்துத் திருத்தினார். இருபத்தாறு ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியர் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் "நான் போட்டது தப்பு" என்கிறார்! அதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும்? கை தட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள்! இன்னும் பலமாக!

யார் எழுந்து நிற்பது? அபூ மீனாவா? சொல்லுங்கள் அண்ணே, ஒலிபெருக்கி இல்லாமலே உங்கள் குரல் கேட்கும்.

"எல்லாம் சரிதாம்மா. எம் மக மரீனா மூணு பேரு ஒக்கார்ற பெஞ்சுல நாலாவது ஆளா ஒக்கார்றா. பாதி ஒடம்பு காத்துல தொங்குது. நாலாவது வகுப்புக்கு எடம் எங்க? உங்க நெறம் மாத்துற வெளையாட்டுக்காக எம் புள்ள முதுகு ஒடையணுமா?"

நியாயம்! நூற்றுக்கு நூறு நியாயம். இதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் பேசியது அத்தனையும் வெறும் வாய்ச்சவடால். அண்ணே, உங்கள் மகள் முதுகும் உடையக்கூடாது, அவள் கேட்ட கேள்வியும் உடையக்கூடாது. நான்காவது வகுப்புக்கு அறை வேண்டும். அறை இருக்கிறது! நான் அளந்துவிட்டே வந்திருக்கிறேன். நீளம் ஒன்பது மீட்டர், அகலம் ஆறு மீட்டர், மூன்று சன்னல், நல்ல காற்று. எங்கே? முதல் மாடியில், தலைமையாசிரியர் அறையை ஒட்டி. விருந்தினர் வரவேற்பறை! தங்க முலாம் பூசிய கால் வைத்த பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு கண்ணாடி மேசை, ஒரு குவளை பிளாஸ்டிக் பூ. ஆண்டுக்கு இரண்டு முறை மேலதிகாரிகள் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். மிச்ச நாளெல்லாம் யார் உட்காருகிறார்கள் அங்கே? தூசி உட்காருகிறது!

உஸ்தாத் ஹில்மி, உங்கள் முகம் மாறுகிறது. எனக்குத் தெரிகிறது. இதைத் தனியாக உங்கள் அறையில் வந்து சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். சொன்னேனே உஸ்தாத், இரண்டு முறை சொன்னேன். "பார்க்கலாம் மேடம்" என்றீர்கள். அதனால்தான் ஊரைக் கூட்டிச் சொல்கிறேன். பூட்டி வைப்பதில் நான் உங்களுக்கு அக்கா. நான் பீக்கரைப் பூட்டினேன், நீங்கள் நாற்காலியைப் பூட்டினீர்கள். அதிகாரிகள் வந்தால் உங்கள் மேசை எதிரிலேயே உட்காரட்டும். காப்பி நான் போட்டுத் தருகிறேன்.

பெற்றோரே! இந்தப் பள்ளியின் மூன்று ஆண்டுகள் எப்படிப்பட்ட ஆண்டுகள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மூன்றாம் ஆண்டு முடிவில் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். இவள் மேல்நிலைக்கு, அவள் தொழிற்பள்ளிக்கு. அதற்குப் பயந்துதானே நோட்ஸ் வாங்குகிறோம், ட்யூஷனுக்கு அனுப்புகிறோம்? அந்தப் பயம் எனக்கும் உண்டு, நானும் ஒரு தாய். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பிரிவு சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. தன் கண்ணை நம்பும் பெண் ஒரு பக்கம். கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு ஒப்பிக்கும் பெண் ஒரு பக்கம். அது பதினைந்து வயதில் நடப்பதில்லை. இதோ, இந்தப் பன்னிரண்டு வயதில், முதலாம் ஆண்டில், முதல் பருவத்தில் நடக்கிறது! "நான் கண்டது" என்று எழுதும்போது கண்டதை எழுதுவதா, சொன்னதை எழுதுவதா என்று அந்தப் பிஞ்சுக் கை தயங்கும் ஒரு நொடியில் நடக்கிறது!

நாளை இவள் மருத்துவர் ஆகலாம். நோயாளி உடம்பைப் பார்ப்பாளா, முன்னால் இருந்தவர் எழுதிய தாளைப் பார்ப்பாளா? பொறியாளர் ஆகலாம். பாலத்தில் விரிசலைக் கண்டால் நிறுத்துவாளா, "அறுபத்தோரு பேர் சரி என்றார்கள்" என்று கையெழுத்துப் போடுவாளா? எதுவும் ஆகாமல் ஒரு வீட்டில் தாயாக இருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போது, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பாளா, பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பாளா? கேளுங்கள், உங்களையே கேளுங்கள்! இந்த ஊருக்கு எப்படிப்பட்ட பெண்கள் வேண்டும்? எனக்குத் தெரியும் எனக்கு எப்படிப்பட்டவள் வேண்டும் என்று. ஊரே நீலம் என்றாலும், "நான் பார்த்தேன், சிவப்பு" என்று சொல்கிறவள் வேண்டும்! ஆசிரியர் அதட்டினாலும் சொல்கிறவள், அப்லா விரட்டினாலும் ஓடாமல் நடந்து போகிறவள் வேண்டும்! அப்படி ஒருத்தி தற்செயலாக நமக்குக் கிடைத்துவிட்டாள். அடுத்தவளுக்கும் தற்செயலையே நம்பி இருக்கப்போகிறோமா?

போதும், பேசிவிட்டேன். ஹாஜி, என் கோரிக்கை ஒரு வரிதான். தீர்மானத்தில் "ஆய்வகம்" என்று இருக்கும் இடத்தை அடித்துவிட்டு "வரவேற்பறை" என்று எழுதுங்கள். அதற்கு இந்த அவை கை தூக்கட்டும்.

தாய்மார்களே, தூக்குங்கள்! வாசற்பக்கம் முழுவதும் தூக்கியாகிவிட்டது. முலூக்கியா பொங்கினாலும் பரவாயில்லை, கையை இறக்காதீர்கள்! இந்தப் பக்கம் என்ன யோசனை? ஷஹாத்தா அண்ணே, மாவு ஒட்டின கையானாலும் கைதான், தூக்குங்கள். பிள்ளைகளா, உங்களுக்கு வாக்கு இல்லை, கையை இறக்குங்கள்! சரி, இருக்கட்டும், விடுங்கள். உஸ்தாத் ஸப்ரி இரண்டு கையையும் தூக்குகிறார், ஒன்றுதான் கணக்கு. ஹாஜி, நீங்களுமா? நன்றி ஹாஜி. அபூ மீனா அண்ணே, நீங்கள் மட்டும் ஏன் கை தூக்காமல் எழுந்து நிற்கிறீர்கள்? இன்னும் என்ன கோபம்?

"கோவம் இல்லம்மா. கை தூக்குறதெல்லாம் நாளைக்கு மறந்துரும். என் மூணு சக்கர வண்டி வெளிய நிக்குது. பன்னண்டு நாற்காலிதானே? இப்பவே கெடங்குக்கு ஏத்திரலாமா, உஸ்தாத் ஹில்மி?"

கேட்டீர்களா? உஸ்தாத், ஊர் உங்களைப் பார்க்கிறது. தலையை ஆட்டுகிறாரா? சாவி எடுக்கப் பையில் கை போகிறது! போகிறது! இளைஞர்களே, எழுந்திருங்கள்! மேலே ஓடுங்கள்! கண்ணாடி மேசையை நான்கு பேராகப் பிடியுங்கள், உடைந்தாலும் பயப்படாதீர்கள், விளக்குமாறு இருக்கிறது! பொறுமையாகக் கேட்ட அவைக்கும், கடைசிவரை என்னை இறக்கிவிடாத தலைவருக்கும், கோபித்தாலும் சாவியை எடுத்த தலைமையாசிரியருக்கும், கைக்குழந்தையோடு கால் கடுக்க நின்ற தாய்மார்களுக்கும் என் நன்றி. உங்கள் எல்லோர் வீட்டிலும் அமைதியும் நலமும் நிறைந்திருக்கட்டும். என் பேச்சு முடிந்தது. ஒலிபெருக்கியை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், நான் நாற்காலி தூக்கப் போகிறேன்.